சமூக இசைக் கண்டறி செயலிகளும் இசைத்தொழிலும்: பரிந்துரை பதிவாக மாறிய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கேட்பாளரின் விருப்பத்தைக் கொண்டு மற்றொரு கேட்பாளருக்குப் புதிய பாடலைக் காட்டும் செயலிகளை இக்கட்டுரை சமூக இசைக் கண்டறி செயலிகள் எனக் குறிக்கிறது. 2002 முதல் தோன்றிய லாஸ்ட்.எஃப்எம், ஷஸாம், பிங், டர்ன்டேபிள்.எஃப்எம், ஸ்பாட்டிஃபை, டிக்டாக் ஆகியவற்றை முன்வைத்து, இச்செயலிகளால் இசைத்தொழிலுக்கு விளையும் மதிப்பு எத்தகையது என்பதை இது விளக்குகிறது. பரிந்துரை என்னும் செயலைவிட, அச்செயல் விட்டுச்செல்லும் எண்ணத்தக்க பதிவே தொழிலுக்குரிய மதிப்பாக அமைகிறது என்பதும், அப்பதிவை வைத்திருப்பவர் யார் என்பதே வருவாய்ப் பங்கீட்டைத் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும். தமிழிசைச் சூழலுக்கு இதனால் எழும் வினாக்களும் இறுதியில் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இசைத்தொழில், கண்டறி செயலி, கூட்டு வடிகட்டல், கேட்புத் தரவு, உரிமைத்தொகை, லாஸ்ட்.எஃப்எம், ஷஸாம், டிக்டாக்.

முன்னுரை

நல்ல பாடலொன்றைக் கேட்டவர் அதனைப் பிறருக்கு எடுத்துச் சொல்லுதல் இயல்பு. கோயில் திருவிழாவில் நாகசுரம் கேட்டு வந்தவர் ஊரில் அதனைப் பேசுவதும், இலங்கை வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சியில் தம் பெயரோடு தாம் விரும்பிய பாடலும் ஒலிக்க வேண்டுமென அஞ்சலட்டை எழுதுவதும் இவ்வியல்பின் வெளிப்பாடுகளே. இசை பரவுவதற்கு வாய்மொழிப் பரிந்துரை எக்காலத்தும் துணைநின்றுள்ளது. ஆயினும் அப்பரிந்துரையை எவராலும் அளக்க இயலவில்லை. எத்தனை பேர் கூறினர், எத்தனை பேர் கேட்டு ஏற்றனர், எவ்வூரில் அது தொடங்கியது என்பனவற்றை இசைத்தட்டு நிறுவனங்கள் விற்பனையைக் கொண்டு ஊகிக்க மட்டுமே முடிந்தது.

2002ஆம் ஆண்டையொட்டி இந்நிலை மாறத் தொடங்கியது. கேட்பாளர் ஒருவரின் விருப்பம் கணினியில் பதிவாகவும், அப்பதிவு வேறொருவருக்குப் பாடல் காட்டும் கருவியாகவும் அமைந்தது. இதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தோன்றிய செயலிகள் பல. அவற்றுள் சில பெருந்தொகைக்கு விற்கப்பட்டன. சில மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். அவ்வினாவிற்கு விடை காண்பது, இச்செயலிகள் இசைத்தொழிலுக்குத் தரும் மதிப்பையும் இசைக்கலைஞருக்குத் தரும் மதிப்பையும் பிரித்தறிய உதவும்.

கேட்டலைப் பதிவுசெய்தல்: லாஸ்ட்.எஃப்எம்

இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் கணினியியல் மாணவராக இருந்த ரிச்சர்டு ஜோன்ஸ், 2002இல் ஆடியோஸ்க்ரோப்ளர் என்னும் மென்பொருளைத் தம் கல்வித் திட்டப்பணியாக உருவாக்கினார். ஒருவர் தம் கணினியில் கேட்கும் ஒவ்வொரு பாடலின் பெயரையும் அது குறித்துவைத்தது. அதே ஆண்டில் இலண்டனில் லாஸ்ட்.எஃப்எம் என்னும் இணைய வானொலி தொடங்கப்பெற்றது. 2005இல் இவ்விரண்டும் ஒன்றாயின.

இதன் செயல்முறை எளிமையானது. ஒருவர் அடிக்கடி கேட்கும் நூறு கலைஞர்களுள் எண்பது பேர் மற்றொருவரின் பட்டியலிலும் இடம்பெற்றிருப்பின், இருவரும் ஒத்த சுவையினர் எனக் கொள்ளலாம். எனவே முதலாமவர் கேட்டு இரண்டாமவர் கேளாத இருபது பேர் இரண்டாமவருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றனர். கூட்டு வடிகட்டல் எனப்படும் இம்முறைக்குப் பாடலின் மொழியோ தாளமோ பண்ணோ தெரிந்திருக்க வேண்டியதில்லை; யார் எதனைக் கேட்டார் என்னும் செய்தி ஒன்றே போதும். அதே காலத்தில் அமெரிக்காவில் செயற்பட்ட பண்டோரா இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டது. இசைப்பயிற்சி பெற்ற பகுப்பாய்வாளர்கள் ஒவ்வொரு பாடலையும் கேட்டு, அதன் குரல், கருவி, லயம், அமைப்பு முதலிய கூறுகளைக் குறித்து, கூறுகள் ஒத்த பாடல்களை அடுத்தடுத்து ஒலிக்கச்செய்தனர். புலமையாளரின் மதிப்பீட்டைப் பண்டோரா நம்பியது. கேட்பாளர் கூட்டத்தின் நடத்தையை லாஸ்ட்.எஃப்எம் நம்பியது எனலாம்.

2007ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ், லாஸ்ட்.எஃப்எம்மை 28 கோடி டாலருக்கு வாங்கியது. அந்நிறுவனத்திடம் சொந்தமான பாடல் களஞ்சியம் இருக்கவில்லை. அதனிடம் இருந்தவை, கேட்பாளர்கள் தாமே விரும்பி அளித்த கேட்புப் பதிவுகளும் அவற்றைச் சூழ்ந்து உருவான கேட்பாளர் சமூகமுமே. கேட்பாளரின் அன்றாடச் செயல் ஒரு சொத்தாக விலைபேசப்பட்டதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும். 2014இல் லாஸ்ட்.எஃப்எம் தன் வானொலிச் சேவையை நிறுத்திக்கொண்டது. பாடலை ஒலிக்கச்செய்யும் பணி பிற நிறுவனங்களிடம் சென்றது. ஆயினும் கேட்டவற்றைக் குறித்துவைக்கும் அதன் முதற்பணி தொடர்ந்தது.

வினாவைப் பதிவுசெய்தல்: ஷஸாம்

ஷஸாம் 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரிட்டனில் தொலைபேசிச் சேவையாக அறிமுகமானது. கடையிலோ விடுதியிலோ ஒலிக்கும் பாடலின் பெயர் அறிய விரும்புபவர் 2580 என்னும் எண்ணை அழைத்துக் கைப்பேசியை ஒலிபெருக்கிப் பக்கமாகப் பிடிக்க வேண்டும். சிறிது நேரத்தில் பாடலின் பெயர் குறுஞ்செய்தியாக வந்துசேரும். கைப்பேசி விசைப்பலகையின் நடுவரிசை எண்களே 2580 ஆதலின் அதனை நினைவில் வைத்தல் எளிதாயிற்று. 2008இல் ஆப்பிளின் செயலிக் கடை திறக்கப்பட்டபோது ஷஸாமும் செயலியாகியது.

இதற்கு அடிப்படையான படிமுறையை வகுத்தவர் ஏவரி வாங். ஒலியின் அதிர்வெண்களைக் காலத்தோடு பொருத்தி வரைந்தால் ஒரு படம் கிடைக்கும். அப்படத்தில் ஓசை மிக்கு நிற்கும் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வோர் இணைக்கும் ஓர் எண் தரப்படுகிறது. களஞ்சியத்திலுள்ள பாடல்களுக்கும் இவ்வாறே எண்கள் உண்டு. இரண்டிலும் ஒத்த எண்கள் ஒத்த கால இடைவெளியில் வரும் பாடலே தேடிய பாடல். பேச்சிரைச்சல் மெல்லிய ஒலிகளை மறைத்தாலும் மிக்கு நிற்கும் புள்ளிகளுள் பல எஞ்சிநிற்பதால், இரைச்சல் மிகுந்த இடத்திலும் இம்முறை பயன்தருகிறது.

இசைத்தொழிலின் நோக்கில் ஷஸாமின் சிறப்பு இத்தொழில்நுட்பத்தோடு முடிவதில்லை. வானொலிப் பட்டியல் எது ஒலிபரப்பப்பட்டது என்பதைக் கூறும். விற்பனைக் கணக்கு எது வாங்கப்பட்டது என்பதைக் கூறும். ஷஸாமின் பதிவோ, பெயரறியாத பாடலொன்று ஒருவரை நின்று கேட்கச்செய்தது என்பதைக் கூறுகிறது. புகழுக்கு முன் தோன்றும் ஆர்வம் அதில் நாளோடும் நேரத்தோடும் இடத்தோடும் பதிவாகிறது. ஷஸாம் அவற்றைத் தொகுத்துப் பட்டியலாக வெளியிடும்போது, ஒருவர் கேட்ட வினா வேறொருவருக்குப் பரிந்துரையாக மாறுகிறது. தனிமனிதப் பயன்பாட்டுக்குரியதாகத் தோன்றும் இச்செயலியைச் சமூகக் கண்டறி செயலிகளோடு சேர்த்தெண்ணுவது இதனால்தான்.

2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் வார்னர் இசைக்குழுமம் ஷஸாமுடன் உடன்படிக்கை செய்து, அதன் தரவின்வழிக் கண்டறியப்படும் புதிய கலைஞர்களுக்கென ஷஸாமின் பெயரிலேயே ஓர் இசைமுத்திரையைத் தொடங்குவதாக அறிவித்தது. திறமையாளரைத் தேடி இரவு விடுதிகளுக்குச் சென்ற நிறுவன அலுவலரின் செவிக்குத் துணையாகத் தரவுத்திரை வந்து நின்றதை இவ்வறிவிப்பு உணர்த்துகிறது.

ஆப்பிள் நிறுவனம் ஷஸாமை வாங்க முற்பட்டபோது ஐரோப்பிய ஆணையம் 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் விரிவான விசாரணை ஒன்றைத் தொடங்கியது. பிற இசைச்சேவைகளின் வாடிக்கையாளர் யார் என்பதை ஷஸாமின் தரவைக் கொண்டு ஆப்பிள் அறிந்து, அவர்களைத் தன்பால் ஈர்க்க முயலுமோ என்பது விசாரணைக்குரிய வினாக்களுள் ஒன்றாக இருந்தது. போட்டிக்கு ஊறு நேராது எனக் கண்டு செப்டம்பர் மாதத்தில் ஆணையம் இசைவளித்தது. முடிவு எவ்வாறாயினும், பாடலின் பெயரைக் கேட்கும் சிறு செயலின் பதிவு போட்டிச் சட்டத்தின் ஆய்வுக்குரிய பொருளாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

சமூகம் இருந்தும் நிலைக்காத முயற்சிகள்

கேட்பாளர்களை ஒன்றுகூட்டினால் போதும், வணிகம் தானே பின்தொடரும் என்னும் எண்ணம் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேலோங்கியிருந்தது. இரண்டு முயற்சிகள் அவ்வெண்ணத்தின் எல்லையைக் காட்டுகின்றன.

2010ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் பிங் என்னும் இசைச் சமூகத்தளத்தைத் தன் ஐடியூன்ஸ் கடைக்குள் அமைத்தது. நண்பர் எதனை வாங்கினார், எதனை விரும்பினார் என்பதை அதில் காணலாம். கடையின் சுவருக்குள் அமைந்த அவ்வுரையாடல், மக்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த சமூகத்தளங்களோடு போதிய இணைப்புப் பெறவில்லை. அன்றியும், வாங்கிய பாடலுக்கும் உண்மையில் விரும்பிக் கேட்கும் பாடலுக்கும் இடைவெளி உண்டு; அடிக்கடி கேட்பது பழைய இசைத்தட்டாகவோ நண்பர் தந்த பதிவாகவோ இருக்கலாம். 2012ஆம் ஆண்டு செப்டம்பரோடு பிங் நிறுத்தப்பட்டது.

2011இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற டர்ன்டேபிள்.எஃப்எம் இதனினும் உயிர்ப்புடையது. இணையத்தில் ஓர் அறை. அதன் மேடையில் ஐவர் வரை அமர்ந்து முறைவைத்துப் பாடல் ஒலிக்கச்செய்வர். கூடியிருப்போர் பாராட்டினால் அவர்தம் உருவங்கள் தலையசைக்கும். ஒரே நேரத்தில் ஒரே பாடலைக் கூடிக் கேட்கும் இன்பத்தை அது தந்தது. ஆனால் உரிமச் சிக்கலால் தொடங்கிய சிறிது காலத்திலேயே அமெரிக்காவிற்கு வெளியே அதன் சேவை அடைக்கப்பட்டது. 2012இல் பெரிய இசை நிறுவனங்களுடன் உடன்பாடு ஏற்பட்டும் 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தளம் மூடப்பட்டது. கையிருப்பில் கால்பங்கிற்கும் மேற்பட்ட தொகை வழக்கறிஞர்க்கும் உரிமைத்தொகைக்கும் இசைசார்ந்த பிற சேவைகளுக்கும் செலவானதாக அதனை நிறுவியவர் வெளிப்படையாக எழுதினார்.

பிங்கிடம் பாடல் உரிமம் இருந்தது. உயிர்ப்புள்ள கேட்பாளர் சமூகம் அமையவில்லை. டர்ன்டேபிளிடம் சமூகம் இருந்தது. உரிமச் செலவைத் தாங்கும் வருவாய் இல்லை. லாஸ்ட்.எஃப்எம்மும் ஷஸாமும் முழுப்பாடலை ஒலிக்கச்செய்யும் பொறுப்பைத் தம் முதன்மைப் பணியாகக் கொள்ளாமல், கேட்டல் பற்றிய பதிவைச் சேர்த்தன. பதிவுக்கு உரிமைத்தொகை கிடையாது. முன்னுரையில் எழுப்பிய வினாவிற்குரிய விடை இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

திரைக்குப் பின் சென்ற சமூகம்

பன்னாட்டு ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023இல் உலக ஒலிப்பதிவு இசையின் வருவாய் 2,860 கோடி டாலர். அதில் 67.3 விழுக்காடு ஸ்ட்ரீமிங் எனப்படும் இணைய ஒலியோடையிலிருந்து கிடைத்தது. கோடிக்கணக்கான பாடல்கள் ஒரே இடத்தில் கிடைக்கும் இச்சூழலில் பாடலைப் பெறுதல் எளிதாயிற்று. எதனைக் கேட்பது எனத் தெரிந்தெடுத்தலே அரிதாயிற்று. ஆகவே கண்டறிதல் ஒலியோடைச் சேவைகளின் உட்பகுதியாக அமைந்தது.

ஸ்பாட்டிஃபை 2015ஆம் ஆண்டு ஜூலையில் அறிமுகப்படுத்திய வாராந்திரக் கண்டறி பட்டியல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பயன்படுத்துவோர் தமக்கெனத் தொகுத்த பாடல்பட்டியல்களை ஒப்பிட்டு, எப்பாடல்கள் சேர்ந்து இடம்பெறுகின்றன என்பதை அறிந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முப்பது பாடல்களைத் திங்கள்தோறும் அது வழங்கியது. இதுவும் சமூகப் பரிந்துரையே. ஆயினும் பரிந்துரைத்தவர் யார் எனக் கேட்பாளர் அறியார். தாம் பரிந்துரைத்ததைப் பட்டியல் தொகுத்தவரும் அறியார். லாஸ்ட்.எஃப்எம்மில் கண்ணுக்குத் தெரிந்த சமூகம் இங்கே கணக்கீட்டின் மூலப்பொருளாக மாறியது.

மூலப்பொருளானது விரைவில் விலைப்பொருளும் ஆயிற்று. 2020ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பாட்டிஃபை ஒரு திட்டத்தை அறிவித்தது. இசை நிறுவனமோ கலைஞரோ சில பாடல்களை முன்னுரிமைக்குரியனவாகக் குறிக்கலாம். முன்பணம் தர வேண்டியதில்லை. மாறாக, அவ்வாறு காட்டப்பட்டுக் கேட்கப்படும் பாடல்களுக்குக் குறைந்த உரிமைத்தொகையை ஏற்க வேண்டும். 1959இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு, வானொலி அறிவிப்பாளர்கள் கையூட்டுப் பெற்றுப் பாடல்களை ஒலிபரப்பியதை விசாரித்தது. மறைவாகப் பணம் பெற்று ஒலிபரப்புதலைத் தடைசெய்யும் சட்டத்திருத்தமும் மறு ஆண்டில் வந்தது. இரண்டும் ஒன்றல்ல; ஆயினும் கேட்பாளர் பரிந்துரை எனக் கருதுவதில் வணிக ஏற்பாடும் கலந்துள்ளதா என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது. 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் இத்திட்டம் குறித்து விளக்கம் கேட்டு எழுதினர். எல்லோரும் குறைந்த தொகையை ஏற்கும் நிலை வருமாயின், எவருக்கும் முன்னுரிமை கிடைக்காது. அனைவரின் வருவாய் மட்டும் குறையும் என்பது அவர்கள் சுட்டிய இடர்.

கேட்பாளர் பயன்படுத்துநராதல்: டிக்டாக்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் மியூசிக்கலி செயலி டிக்டாக்கோடு இணைக்கப்பட்டது. இதில் ஒவ்வொரு குறுங்காணொளியின் ஒலிக்கும் தனிப்பக்கம் உண்டு. அதனைத் தொட்டால் அதே ஒலியைக் கொண்டு பிறர் உருவாக்கிய காணொளிகள் அனைத்தையும் காணலாம். தாமும் அவ்வொலியைக் கொண்டு ஒன்றை உருவாக்கலாம். பரிந்துரை இங்கே போலச்செய்தலாக வடிவெடுக்கிறது. கேட்பாளர் பாடலைப் பற்றிக் கூறுவதற்கு மாறாக, பாடலைக் கொண்டு நடிக்கிறார், ஆடுகிறார்.

இதனால் இசைத்தொழிலுக்கு விளைந்த பயன்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, புதியவரைக் கண்டறிதல். லில் நாஸ் எக்ஸ் என்னும் இளைஞர் இணையத்தில் 30 டாலருக்கு வாங்கிய தாளப்பின்னணியைக் கொண்டு உருவாக்கிய ‘ஓல்டு டவுன் ரோடு’ 2018ஆம் ஆண்டு டிசம்பரில் எந்நிறுவனத்தின் துணையுமின்றி வெளிவந்தது. டிக்டாக் காணொளிகளால் அது பரவிய பின் 2019ஆம் ஆண்டு மார்ச்சில் கொலம்பியா நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டில் அப்பாடல் பில்போர்டின் முதன்மைப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. நிறுவனம் புதியவரிடம் முதலிடும் இடர், மக்கள் ஏற்பு முன்கூட்டியே தெரிந்ததால் குறைந்தது.

இரண்டாவது, பழைய பாடல் மீளுயிர் பெறுதல். ஃப்ளீட்வுட் மேக் குழுவினரின் 1977ஆம் ஆண்டுப் பாடலான ‘ட்ரீம்ஸ்’, ஒருவர் சறுக்குப்பலகையில் சென்றவாறு பழச்சாறு பருகும் காணொளியால் 2020இல் பில்போர்டு பட்டியலுக்கு மீண்டும் வந்தது. பெரிய நிறுவனங்களின் களஞ்சியங்களில் உள்ள பழைய பாடல்களுக்குப் புதிய விளம்பரச் செலவின்றி வருவாய் கிடைக்கும் வழி இது.

மூன்றாவது, ஆர்வத்தை வருவாயாக்குதல். குறுங்காணொளியில் கேட்ட பாடலை ஒரு தொடுதலில் ஒலியோடைச் சேவையில் சேர்த்துவைக்கும் வசதியை டிக்டாக் 2023ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொடங்கியது. கண்டறிதலுக்கும் கட்டணம் செலுத்திக் கேட்டலுக்கும் இடையிலிருந்த தொலைவு இதனால் சுருங்கியது.

இப்பயன்கள் இருந்தும் 2024ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் யுனிவர்சல் இசைக்குழுமம் டிக்டாக்குடனான உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. தன் மொத்த வருவாயில் டிக்டாக்கின் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காடே என அது வெளிப்படையாகக் கூறியது. பாடல்கள் நீக்கப்பட்டு, மே மாதத் தொடக்கத்தில் புதிய உடன்பாடு ஏற்பட்ட பின்னரே மீளத் தொடங்கின. கண்டறிதலின் மதிப்பை இரு தரப்பும் இருவேறு அளவுகோலால் அளந்தன. செயலி தான் பரப்பும் புகழை மதிப்பாகக் காட்டியது. இசை நிறுவனம் தனக்கு நேரடியாக வரும் பணத்தை மதிப்பாகக் கொண்டது. பெருங்களஞ்சியம் வைத்திருப்பதால் யுனிவர்சலால் பேரம்பேச முடிந்தது. தனித்து இயங்கும் கலைஞர் இவ்வாறு விலகிநின்றால் செயலிக்கு இழப்பில்லை, இழப்பு கலைஞருக்கே.

கூட்டத்தின் தெரிவும் தரமும்

சமூகப் பரிந்துரை தகுதியுள்ள பாடலைத் தானே மேலே கொண்டுவரும் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களான மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையைச் சோதித்தது. புகழ்பெறாத குழுவினரின் 48 பாடல்கள் 14,341 பேருக்கு இணையத்தில் அளிக்கப்பட்டன. ஒரு பகுதியினர் பிறர் தெரிவை அறியாமல் கேட்டனர். மற்றவர்கள் தனித்தனியான எட்டு உலகங்களாகப் பிரிக்கப்பட்டனர். அவரவர் உலகில் ஒவ்வொரு பாடலும் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பது அவர்களுக்குக் காட்டப்பட்டது.

பிறர் தெரிவு தெரிந்த உலகங்களில் முன்னணிப் பாடல்கள் மேலும் முன்னேறின. பின்தங்கியவை மேலும் பின்தங்கின. அன்றியும் எப்பாடல் முன்னேறும் என்பது உலகத்துக்கு உலகம் வேறுபட்டது. பிறர் தெரிவை அறியாதோர் 26ஆம் இடத்தில் வைத்த பாடலொன்று ஓர் உலகில் முதலிடத்தையும் வேறோர் உலகில் 40ஆம் இடத்தையும் பெற்றது. மிகச் சிறந்த பாடல் முற்றிலும் வீழ்வதும், மிக மோசமான பாடல் உச்சிக்குச் செல்வதும் அரிதே. ஆனால் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பெரும்பான்மைப் பாடல்களின் நிலையைத் தொடக்கத்தில் வந்த சிலரின் தெரிவே பெரிதும் நிர்ணயித்தது.

இம்முடிவால் இரு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, செயலிகளின் எண்கள் கேட்பாளர் சுவையை மட்டும் காட்டுவன அல்ல. அவ்வெண்களே சுவையை உருவாக்கவும் செய்கின்றன. எனவே அவற்றை நம்பிப் புதியவரைத் தேடும் நிறுவனம், தற்செயலாக முன்வந்தவரைத் தகுதியால் முன்வந்தவராகக் கொள்ள நேரலாம். மற்றொன்று, தொடக்கநிலை எண்ணிக்கை இத்துணை வலிமையுடையதாதலின் அதனை விலைகொடுத்து உயர்த்தும் தூண்டுதலும் தோன்றும்.

வருவாய்ப் பங்கீட்டு முறையும் இவ்வேற்றத்தாழ்வை மிகுவிக்கிறது. பெரும்பாலான ஒலியோடைச் சேவைகள் ஒரு நாட்டின் சந்தா வருவாயைப் பொதுத்தொகுதியாக்கி, மொத்தக் கேட்பில் ஒவ்வொரு பாடலுக்கும் உள்ள விழுக்காட்டின்படி பிரிக்கின்றன. சான்றாக, இருவர் தலைக்கு 100 ரூபாய் செலுத்துவதாகவும் அத்தொகை முழுவதும் பங்கிடப்படுவதாகவும் கொள்வோம். முதலாமவர் ஒரு மாதத்தில் நாட்டுப்புறக் கலைஞர் ஒருவரின் பாடல்களை மட்டும் 10 முறையும், இரண்டாமவர் புகழ்பெற்ற ஒருவரின் பாடல்களை மட்டும் 90 முறையும் கேட்கின்றனர். பொதுத்தொகுதி முறையில் நாட்டுப்புறக் கலைஞருக்கு 20 ரூபாயும் மற்றவருக்கு 180 ரூபாயும் சேரும். அவரவர் பணம் அவரவர் கேட்ட கலைஞருக்கே என்னும் முறையில் இருவருக்கும் தலா 100 ரூபாய். சவுண்ட்கிளவுட் 2021இல் இப்பின்னைய முறையைத் தனித்து இயங்கும் கலைஞர்க்கு அறிமுகப்படுத்தியது. மறுபுறம், ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடலுக்குத் தொகை வழங்குவதை நிறுத்தியது. ஆக, ஒரு பாடலைச் சிலர் ஆழ்ந்து விரும்பிக் கண்டறிந்தாலும், அக்கண்டறிதலின் பயன் அதன் கலைஞரைச் சேருமா என்பதைச் செயலியின் கணக்குமுறையே முடிவுசெய்கிறது.

தமிழிசைச் சூழல்

2011ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று யூடியூபில் வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாடல், அது இடம்பெற்ற ‘3’ திரைப்படம் வெளிவருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே சமூகத்தளங்களின்வழி இந்தியாவெங்கும் அதற்கு அப்பாலும் பரவியது. அனிருத் இசையமைத்த முதல் திரைப்படம் அது. இப்பரவலுக்கும் படத்தின் வெற்றிக்கும் நேர்த்தொடர்பு இல்லாமற்போகலாம். ஆயின் திரைப்படத்தை நம்பியே பாடல் அறியப்படும் என்னும் தமிழ்ச் சூழலின் வழக்கம் அன்று தலைகீழானது.

2020ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. அச்செயலியில் ஊர்ப்புறக் கலைஞர்கள் சேர்த்த பின்பற்றுநரும் காணொளிப் பதிவுகளும் ஒரே நாளில் எட்டாதனவாயின. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமாயிற்று; கலைஞர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து தம் கேட்பாளரைத் திரட்ட வேண்டியிருந்தது. கேட்புப் பதிவு கலைஞரின் சொத்தன்று, செயலியின் சொத்தே என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டியது.

சட்டத்தின் நிலை வேறு. 2012ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரைப்படத்தில் இடம்பெறும் பாடலின் ஆசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்கிற்கு வெளியே அப்பாடல் பயன்படுத்தப்படும்போது உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை உறுதிசெய்தது. சட்டமுறை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் அவ்வுரிமையை விட்டுக்கொடுக்க இயலாது. ஆனால் உரிமை இருப்பினும் கணக்கு வேண்டும். கணக்கிற்குப் பெயர் வேண்டும். தமிழ்ப்பாடல் பெரும்பாலும் முதலடியால் அறியப்படுவது; ஒரே முதலடி ரோமன் எழுத்தில் பலவாறாக எழுதப்படுகிறது. திரைப்பாடல் ஒலிக்கும்போது செயலியின் முகப்பில் இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும் தெரிகின்றன; பாடலாசிரியரின் பெயரைத் தனியே தேடிக் காண வேண்டியுள்ளது. நாட்டுப்புறப் பாடலுக்கோ ஆசிரியர் பெயரே இல்லாத நிலையும், பதிவேற்றியவர் பெயரே ஆசிரியர் பெயராக நிற்கும் நிலையும் நேரலாம்.

இவ்விடத்தில் தமிழாய்வாளர்க்குரிய பணிகள் சில உள்ளன. தமிழ்ப்பாடல்களுக்கு முதலடி, ஆசிரியர், இசையமைப்பாளர், பாடியோர், மூலம் ஆகியவற்றைத் தமிழெழுத்தில் ஒருசீராகக் குறிக்கும் பெயர்க்கோப்பு வகுத்தல். களப்பணியில் பதிவுசெய்யும் நாட்டுப்புறப் பாடல்களோடு பாடியவர் பெயரையும் ஊரையும் இணைத்துக் காத்தல். குறுங்காணொளிகளில் பரவும் தமிழ்ப்பாடல்களுள் எவை, எவ்வளவு காலம், எப்பகுதியில் நிலைக்கின்றன என ஆராய்தல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

சமூக இசைக் கண்டறி செயலிகள் இசைத்தொழிலுக்கு அளிக்கும் முதன்மையான மதிப்பு, முன்பு காற்றில் கலந்து மறைந்த பரிந்துரையை எண்ணத்தக்க பதிவாக மாற்றியதில் உள்ளது. லாஸ்ட்.எஃப்எம் கேட்டலையும், ஷஸாம் வினாவையும், ஸ்பாட்டிஃபை தொகுத்தலையும், டிக்டாக் போலச்செய்தலையும் பதிவாக்கின.

சமூகத்தைத் திரட்டியதால் மட்டும் ஒரு செயலி நிலைப்பதில்லை. உரிமச் செலவைத் தாங்கவோ தவிர்க்கவோ வல்ல செயலிகளே நிலைத்தன அல்லது பெருந்தொகைக்கு விலைபோயின.

செயலிகள் தரும் எண்கள் தரத்தின் நேரடி அளவுகோல் ஆகா. பிறர் தெரிவைக் காட்டும் அமைப்பு ஏற்றத்தாழ்வையும் தற்செயலையும் ஒருங்கே பெருக்குகிறது.

பதிவைக் கேட்பாளரும் கலைஞரும் சேர்ந்து உருவாக்க, அதனைச் செயலியே வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு செயலி இசைக்கு எவ்வளவு பயன்பட்டது என மதிப்பிடுவோர், எத்தனை பேருக்குப் பாடலைக் கொண்டுசேர்த்தது என்பதோடு, பாடியவருக்கும் எழுதியவருக்கும் அதன் கணக்கும் தொகையும் எவ்வளவு திரும்பின என்பதையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.